வெடிப்புக் கொப்பி

இலங்கையின் மலையகத்தில் நில அதிர்வு ஆபத்தைக் குறைப்பதற்கென்று அரசாங்கம் நடத்திய சிறிய திட்டமொன்றுக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் பொறுப்பாக இருந்தேன். அந்தக் காலம் முழுவதிலும் என் பிரதேசத்தில் அதிர்வால் ஒரு வீடும் விழவில்லை, ஒருவருக்கும் காயமில்லை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் நிதி கேட்டுக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடக்கும் கூட்டத்தில் எழுந்து நிற்கும்போது, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது ஒருவர், பகிடியாகவோ உண்மையாகவோ, "எங்கே மிஸ் உங்கட பூமியதிர்ச்சி?" என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான். நேரடியான பதில் என்னிடம் இருந்ததில்லை. சுவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன். இங்கேயும் சுவர்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

திட்டம் தொடங்கியதற்குக் காரணம் 2020 ஓகஸ்ட் 29, ஒரு சனிக்கிழமை இரவு. கண்டி மாவட்டத்தில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டிய திகன, அம்பாக்கோட்டை, ஹாரகம பக்கங்களில் இரவு எட்டரை மணியளவில் நிலம் அதிர்ந்தது. வீட்டுக்கு அடியில் யாரோ லொறியிலிருந்து கருங்கல் கொட்டியது போலிருந்தது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். செப்டெம்பர் 2 அன்று மறுபடி வந்தது. நவம்பரிலும் டிசம்பரிலும் திரும்பவும் வந்தது. எல்லாமே சிறியவை, அளவில் 2ஐச் சுற்றியவை. ஓர் எண் கூடினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு கூடுமென்பதால், 2 அளவு அதிர்வுக்கும் ஊரை இடிக்கிற 6 அளவு நிலநடுக்கத்துக்கும் இடையில் பத்து இலட்சம் மடங்கு வித்தியாசம் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கை, புதிதாக வெடிப்பு விழுந்த சுவரின் முன் நிற்கிற ஒரு தாயிடம் சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, தேத்தண்ணி வைக்க உள்ளே போய்விட்டார்.

ஊரில் இரண்டு சந்தேகங்கள் ஓடின. ஒன்று, திகனப் பக்கத்துக் கல்லுடைக்கும் இடங்களில் வைக்கும் வெடி, மற்றது, அணை. வெடியைப் பற்றிய சந்தேகத்தைப் பிரித்துப் பார்க்க வழியுண்டு. பல்லேகலையில் உலக நில அதிர்வு வலையமைப்பைச் சேர்ந்த பதிவு நிலையம் இருக்கிறது. ஹக்மனையிலும் மகாகனதராவையிலும் பின்னர் வேறு நிலையங்கள் வந்தன. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம்தான் இவற்றைப் பார்க்கிறது. கல் உடைக்க வெடி வைத்தால் பாறை எல்லாத் திசையிலும் வெளியே தள்ளப்படும். ஆகவே எந்த நிலையத்திலும் முதல் அசைவு தள்ளலாகத்தான் பதிவாகும். பாறை தானாக முறிந்து நகர்ந்தால் சில பக்கங்களில் தள்ளலும் சில பக்கங்களில் இழுப்பும் பதிவாகும். அதுவும் போக, இரவு எட்டரைக்கு யாரும் கல்லுக்கு வெடி வைப்பதில்லை. இந்தக் கடைசி வாக்கியம்தான் கூட்டங்களில் எடுபட்டது.

அணையைப் பற்றிய கேள்வி அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. விக்டோரியா 122 மீற்றர் உயரமுள்ள வளைவு அணை, 1985இல் திறக்கப்பட்டது. இவ்வளவு தண்ணீரைப் பாறையின் மேல் ஏற்றி வைத்தால் அந்த எடையும், பாறை இடுக்குகளுக்குள் இறங்கும் நீரின் அழுத்தமும் ஏற்கெனவே இறுகிக் கிடக்கிற ஒரு முறிவைத் தளர்த்திவிடலாம் என்பது கற்பனையன்று. மகாராட்டிரத்தின் கொய்னா நீர்த்தேக்கம் நிரம்பிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பர் 11 அன்று, 6ஐத் தாண்டிய நிலநடுக்கம் அங்கே வந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். திகன மக்களில் கொய்னாவைக் கேள்விப்பட்டவர்கள் இல்லை; ஆனால் "தண்ணி பாரம் தாங்காம மல முனகுது" என்று ஒரு பெரியவர் மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து சொன்னபோது, மேடையில் இருந்த நாங்கள் அரை மணி நேரம் படம் போட்டு விளக்கியதை அவர் ஐந்து சொற்களில் முடித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. காரணத்தை ஆராய்வது புவிச்சரிதவியலாளர்களின் வேலை. எந்தக் காரணத்தால் ஆடினாலும் விழப்போவது சுவர். அந்தச் சுவர் என் வேலையாயிற்று.

இலங்கையில் நிலநடுக்கமே வராது என்று பள்ளிக்கூடத்தில் படித்த தலைமுறை நாங்கள். பூமியின் மேலோட்டைச் சுமக்கும் பெருந்தட்டுகளின் எல்லை நம்மிடமிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் சுமாத்திராவுக்கு வெளியே கிடக்கிறது. மலையகத்தின் பாறையோ 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. இவையெல்லாம் உண்மை. ஆனால் 1993 செப்டெம்பர் 30 விடியற்காலையில் மகாராட்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் ஊர்கள் தரைமட்டமானதும் இதே போன்ற பழம்பாறை நிலத்தில்தான். அளவு 6.2. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அவ்வளவு பேர் இறந்ததற்கு நிலநடுக்கத்தின் அளவு மட்டும் காரணமில்லை. கருங்கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டிய தடித்த சுவர்களும், மரச்சட்டத்தின் மேல் மண்ணை நிறைத்துப் போட்ட பாரமான கூரைகளும் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. அந்தச் சுவர்களின் படங்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அவை அந்நியமாகத் தெரியவில்லை. நான் பிறந்தது புசல்லாவைப் பக்கத்தில் ஒரு லயத்தில்.

லயத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நீளமான ஒரே கட்டடம். பத்தோ பன்னிரண்டோ காம்பராக்கள் வரிசையாக. சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டி இரட்டை வரிசையாக. ஒவ்வொரு காம்பராவும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு தாழ்வாரம். பழைய லயங்களின் வெளிச்சுவர் ஒன்றரை அடி தடிப்பிருக்கும். தடிப்பைப் பார்த்துப் பலமென்று நினைத்துவிடக் கூடாது. வெளியில் ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், இரண்டுக்கும் நடுவில் உடைகல்லும் மண்ணும். இரண்டு வரிசைகளையும் குறுக்கே பிணைக்கிற நீளக்கல் பெரும்பாலும் இராது. நூறு ஆண்டு மழை நடு மண்ணைக் கரைத்து இறக்கியிருக்கும். எங்களுடன் வேலை செய்த மேசன் பாஸ் ஐயா, சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடப்பார். சத்தம் மாறிய இடத்தில் நின்று, உள்ளங்கையை விரித்து வைத்து, "இந்த எடத்துல வயிறு தள்ளியிருக்கு மிஸ்" என்பார். நான் நூல் பிடித்துப் பார்த்தால் அந்த இடத்தில் இரண்டு விரற்கடை வெளியே வந்திருக்கும். அப்படிப்பட்ட சுவரை உலுக்கினால் இரண்டு வரிசைகளும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து விழும். லாத்தூரில் நடந்தது அதுதான்.

நமக்கும் லாத்தூருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: கூரை. லயத்தின் தகரக் கூரையைப் பற்றி நல்லதாக யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. மழை இரவில் பேச்சுக் கேட்காது, வெயிலில் அடுப்பு, பனியில் சொட்டும். ஆனால் அதிர்வின்போது தலைக்கு மேல் இருக்கவேண்டியது பாரமில்லாத பொருளென்றால், தகரத்தைப் போல நல்லது இல்லை. சிக்கல், தகரத்தின் மேல் என்ன இருக்கிறது என்பதில். ஆணி துருப்பிடித்துத் தகரம் காற்றுக்கு எழும்பும்போது, மாற்றித் தரச் சொல்லித் தோட்டத்தில் எழுதிக் கொடுத்து, பதில் வராமல் சலித்து, அப்பா ஏணி வைத்து ஏறி ஒரு கருங்கல்லைத் தூக்கி வைப்பார். அடுத்த காற்றுக்கு இன்னொன்று. பழைய டயர், மண் மூடை, உடைந்த ஆட்டுக்கல். முதல் ஆண்டில் ஒரு லயத்தின் கூரைமேல் இருந்த கற்களை நானும் இரண்டு உத்தியோகத்தர்களும் கீழிருந்து எண்ணினோம். நாற்பதுக்கு மேல் போனபோது எண்ணுவதை நிறுத்திவிட்டோம். சின்ன அதிர்வுக்குச் சுவர் நிற்கும், கல் உருளும். கீழே இஸ்தோப்பில் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஆகவே, திட்டத்தின் முதல் வேலையாகக் கல்லை இறக்குவோம் என்று நான் தீர்மானித்தேன். கல்லுக்குப் பதிலாகத் தகரத்தை மரச்சட்டத்தோடு இறுக்கக் கொளுக்கி ஆணி வேண்டும், கட்டுக்கம்பி வேண்டும், இற்றுப்போன சட்டங்களுக்குப் பதில் புதிய மரம் வேண்டும். எங்கள் நிதி ஒதுக்கீட்டில் 'விழிப்புணர்வு' என்றொரு தலைப்பு இருந்தது; பதாகை, துண்டுப்பிரசுரம், ரீசேட், மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் எல்லாவற்றுக்கும் அதில் இடமிருந்தது. கொளுக்கி ஆணிக்கு இடமில்லை. ஆணி வாங்கினால் அது 'கட்டட நிர்மாணம்' ஆகிவிடுமாம். நிர்மாணமென்றால் காணியின் உரிமையாளரது சம்மதக் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். இந்த ஒரு கடிதத்துக்காக நான் அலைந்த பதினொரு மாதங்கள்தான், உண்மையைச் சொன்னால், அந்தத் திட்டத்தை நடத்துவதென்றால் என்னவென்று எனக்குக் கற்றுத்தந்தன.

லயத்துச் சுவர் யாருடையது? 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992க்குப் பின் அவற்றை நடத்தும் பொறுப்பு கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, காம்பராவில் நான்கு தலைமுறையாக வாழ்கிற குடும்பத்திடம் அதற்கான உறுதிப் பத்திரம் கிடையாது. பிரதேச சபைகூட, 1987ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டக் குடியிருப்புக்குள் தன் பணத்தைச் செலவழிக்க முடியாத நிலையில் இருந்தது. கம்பனிக்கு எழுதினேன், வீடமைப்பு தங்கள் பொறுப்பில் இல்லை, காணியின் உரிமையாளரைக் கேளுங்கள் என்றார்கள். காணிக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு எழுதினேன். கட்டடங்கள் குத்தகையோடு போய்விட்டன, கம்பனியைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு கடிதங்களையும் ஒன்றாகப் பின் அடித்து மேலே அனுப்பியபோது, இரண்டுமே சரியான கடிதங்கள் என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். குடும்பத்துக்காரர் மட்டும் எந்தக் கடிதத்திலும் வரவில்லை. ஆனால் சுவர் விழுந்தால் அது யார் தலையில் விழும் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை.

கடைசியில் வழி திறந்தது சட்டத்தாலன்று. ஒரு தோட்டத்தின் துரை, அதாவது முகாமையாளர், வயதில் என்னைவிட இளையவர், பங்களா வாசலில் நின்றபடியே நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "லயத்துக்கு நான் எழுதித்தர ஏலாது, மிஸ். ஆனா பிள்ளைக் காம்பரா எங்கட கட்டடம். அதுக்கு எழுதித்தாறேன்" என்றார். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. லயத்தைக் கட்டிய அதே கைகள், அதே கல்லால், அதே காலத்தில் கட்டியது. அதைப் பலப்படுத்திக் காட்டுவோம், பார்த்துவிட்டு மற்றவை தானே நடக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

செய்த வேலை மிகச் சாதாரணமானது. கதவு யன்னல்களின் தலைமட்டத்தில், சுவரைச் சுற்றிலும், உள்ளேயும் வெளியேயும் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, அந்தப் பட்டையில் பற்றவைத்த கம்பி வலையை விரித்து, சுவரை ஊடுருவிச் செல்லும் கம்பிகளால் இரண்டு வலைகளையும் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டி, ஒன்றுக்கு மூன்று சீமெந்துச் சாந்தால் மூடிவிடுவது. மூலைகளில் அதே போலக் கீழிருந்து மேலாக. மொத்தத்தில் கட்டடத்துக்கு இடுப்புவார் கட்டுவதுதான். லாத்தூருக்குப் பிறகும் குஜராத்தில் 2001இல் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகும் இந்தியாவில் பரவலாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முறை இது. விலைகூடிய பொருள் எதுவும் தேவையில்லை, கவனம் தேவை. சுவரைத் துளைக்கும்போது நடுவிலிருந்த மண், தேயிலைத்தூள் போல, துளை வழியே நெடுநேரம் ஒழுகிக்கொண்டிருந்தது. பாஸ் ஐயா கீழே ஒரு வாளியை வைத்தார். வாளி நிறைந்து இன்னொரு வாளி வைக்கவேண்டி வந்தபோது, அங்கே பார்த்துக்கொண்டு நின்ற தாய்மாரில் ஒருவர் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், எட்டப் போய் நின்றார். விழிப்புணர்வுத் தலைப்பின் கீழ் நாங்கள் அச்சிட்ட துண்டுப்பிரசுரம் எதுவும் அந்த வாளியளவுக்கு வேலை செய்ததில்லை.

இனிக் கொப்பி. திட்டம் தொடங்கிய நாளிலிருந்தே ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு கொப்பி வைத்தோம். காம்பரா இலக்கம், எந்தச் சுவர், வெடிப்பின் நீளம், அகலம், போக்கு, எப்போது விழுந்தது. எப்போது விழுந்தது என்பதுதான் கடினம், ஏனென்றால் அதிர்வுச் செய்தி வந்த பிறகுதான் எல்லோரும் தங்கள் சுவரைக் கவனித்துப் பார்க்கிறார்கள். முன்பே இருந்த வெடிப்பெல்லாம் அன்றைக்குப் புதிதாகத் தெரியும். இதற்கு ஒரு வழியை என் உத்தியோகத்தர்களில் ஒருவரான தோட்டத்துப் பெண் கண்டுபிடித்தார். தீபாவளிக்குத் தீபாவளி லயத்தில் சுண்ணாம்பு அடிப்பார்கள். வெடிப்பின் உதட்டுக்குள் சுண்ணாம்பு இறங்கியிருந்தால் அது போன தீபாவளிக்கு முந்தியது. உள்ளே அடுப்புப் புகை படிந்து கறுத்திருந்தால் இன்னும் பழையது. சிலந்தி கூடு கட்டியிருந்தால் சில மாதம். உள்ளே மண் புது நிறமாகத் தெரிந்தால் மட்டுமே புதிது. யன்னலுக்கும் யன்னலுக்கும் நடுவில் பெருக்கல் குறி போல் குறுக்கும் நெடுக்கும் வெட்டியிருந்தால் அதிர்வைச் சந்தேகிக்கலாம். சுவரின் ஒரு கோடி மட்டும் இறங்கி, மேலே போகப் போக வாய் அகன்றால், அடியில் நிலம் நகர்கிறது என்று பொருள்.

வாய் அகலமாகிறதா என்று பார்ப்பதற்குக் கண்ணாடி. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டிக்கு வைத்திருப்பார்களே, அந்த மெல்லிய துண்டு. வெடிப்புக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனைகளையும் சீமெந்துப் பொட்டால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் திகதியைப் போட்டுவிட வேண்டும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி வளையாது, முறியும். அது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த பேச்சு. பிள்ளைகள் தொடக் கூடாதென்று சொன்னோம். சொன்னபடி தொடவில்லை, ஒரு வீட்டில் மட்டும் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

நான் பிழை விட்டதும் கண்ணாடி விஷயத்தில்தான். ஒரு லயத்தின் தொங்கல் காம்பராவில், அதாவது வரிசையின் கடைசிக் காம்பராவில், மலைப்பக்கத்துக்கு எதிர்க்கோடியில், புதிய வெடிப்பு. அதிர்வுச் செய்தி வந்த அதே கிழமை. வீட்டுக்கார அக்காவும் அன்றிரவுதான் சத்தம் கேட்டதென்றார். நான் கொப்பியில் 'அதிர்வு' என்று எழுதி, கண்ணாடியை ஒட்டிவிட்டு வந்துவிட்டேன்; மூலையைக் கம்பி வலையால் கட்டினால் போதுமென்று பரிந்துரையும் எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது, ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் என்னைக் கூப்பிட்டு, லயத்துக்குக் கீழேயிருந்த தேயிலை வரிசையைக் காட்டினார். நேராக நட்ட வரிசை ஓரிடத்தில் கீழ்நோக்கி வளைந்திருந்தது. அதற்கு அப்பால் ஒரு சவுக்கு மரம், அடி சாய்ந்து நுனி நிமிர்ந்து, அரிவாளைப் போல் நின்றது. "இது நேத்து சாஞ்ச மரமில்ல மிஸ். பத்து வருசமா மலை நடக்குது. நீங்க செவத்த மட்டும் பாத்துட்டுப் போனீங்க" என்றார். கண்ணாடி அதற்கு முன்பே முறிந்திருந்தது. நான் அந்த வரியை வெட்டி 'சரிவு' என்று எழுதி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இடத்தைப் பரிசோதிக்கும்படி அறிவித்தேன். நகரும் நிலத்தின் மேல் கம்பி வலை கட்டுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கட்டிவிட்டு அந்தக் குடும்பத்தை அங்கேயே இருக்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து நான் தூங்காத இரவுகள் உண்டு. பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29 காலையில், லயங்களோடு மனிதர்களை மூடிய மண் ஒரே நாளில் முடிவெடுத்து இறங்கியதன்று. அங்கே முன்பே எச்சரிக்கை சொல்லப்பட்டிருந்தது.

அதன் பிறகு கொப்பியில் காரணத்துக்கென்று இருந்த கட்டத்தை எடுத்துவிட்டேன். நில அதிர்வுத் திட்டத்தின் பணத்தில் சரிவைப் பார்க்கலாமா என்று கணக்காய்வில் கேட்டார்கள். பார்க்கலாம் என்பதற்குக் காரணம் எழுதினேன்: அதிர்வு வரும் நாளில் மலை மழையில் ஊறியிருந்தால், சுவரைத் தள்ளாத அதிர்வுகூட மலையைத் தள்ளிவிடலாம். மழைக்கு அளவுகோல் உண்டு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இரு, 100 என்றால் ஆயத்தமாகு, 150 என்றால் வெளியேறு என்று சொல்லக்கூடிய நிலையில் நாம் இருக்கிறோம். அதிர்வுக்கு அப்படியொரு கோல் கிடையாது. எந்த நாட்டிலும் கிடையாது. ஆகவே அறிவிப்பு இல்லாமல் வருகிற ஒன்றுக்காகச் செய்யும் வேலையெல்லாம், அறிவித்துக்கொண்டு வருகிற மற்றொன்றுக்கும் உதவும்படி செய்வதுதான் ஏழை நாட்டுக்குப் பொருத்தம் என்பது என் கட்சி. கணக்காய்வாளர் அதை ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்பது கோப்பிலிருந்து விளங்காது. பணத்தை மட்டும் மீளக் கேட்கவில்லை.

பாடசாலைகளில் ஒத்திகை நடத்தும்போது அதிர்வு, சரிவு என்ற இந்த இரண்டும் மோதிக்கொண்டன. மேலிடத்திலிருந்து வந்த சுவரொட்டியில் பிள்ளை ஒன்று மேசைக்கடியில் பதுங்கியிருக்கும். கொங்கிரீட் கட்டடத்துக்கு அது நல்ல ஆலோசனை. லயத்தில் மேசை எங்கே இருக்கிறது? கட்டிலுக்கடியில் பெட்டியும் உரமூடையில் கட்டிய துணியும் இருக்கும். கல்லும் மண்ணுமான ஒற்றைமாடிச் சுவருக்குள், கதவு நான்கு எட்டில் இருந்தால், வெளியே போவதே மேல். ஆனால் வெளியே என்றால் எங்கே? பல லயங்களில் வாசலுக்கு எதிரே மண் வெட்டிய மேட்டுச் சுவர் நிற்கும். பின்னால் வடிகானும் பள்ளமும். ஒவ்வொரு லயத்துக்கும் தனித்தனியாகப் போய், எந்தப் பக்கம் ஓடுவது, எங்கே போய் நிற்பது என்று நடந்து பார்த்துத் தீர்மானித்தோம். பெரும்பாலும் அந்த இடம் கோயில் முற்றமாகவோ, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நிற்கும் பிரட்டுக் களமாகவோ இருந்தது. ஒரு தோட்டத்தில் பெண்கள் சிரித்துவிட்டார்கள். நூறு வருசமாக விடியற்காலையில் ஓடிப்போய் நிற்கிற இடம்தானே, பழக்கம் விட்டுப் போகாது என்றார்கள்.

2023 பெப்ரவரியைப் பற்றியும் சொல்லவேண்டும். 6ஆம் திகதி துருக்கியில் 7.8 அளவு நிலநடுக்கம். தொலைக்காட்சியில் மாடிக்கட்டடங்கள் சரிவதை லயத்து வீடுகளில் இரவிரவாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு நாள் கழித்து, 10ஆம் திகதி, புத்தல, வெல்லவாயப் பக்கங்களில் சுமார் 3 அளவில் அதிர்ந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் அன்று பின்னேரம் முதல் என் தொலைபேசி ஓயவில்லை. இன்றிரவு பத்து மணிக்குப் பெரியது வரப்போகிறதென்று குரல் பதிவொன்று வட்ஸ்அப்பில் பரவியது. நான் தலைவர்மாருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒவ்வொருவராக அழைத்து, நேரத்தைச் சொல்லி வருகிற நிலநடுக்கம் உலகத்தில் இல்லை, நேரம் சொன்னாலே அது பொய்யென்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஓர் ஆசிரியர், "சரி மிஸ், அப்ப நாங்க பயப்படத் தேவையில்லத்தானே?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்து, பாஸ் ஐயாவின் வாளி நினைவுக்கு வர, "கூரைக் கல்ல எறக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். அந்த ஒரு கிழமையில் மூன்று தோட்டங்களில் ஆட்கள் தாங்களாகவே ஏணி வைத்து ஏறிக் கற்களை இறக்கினார்கள். கொளுக்கி ஆணி வாங்க ஒரு தோட்டத்தில் தீபாவளிச் சங்கப் பணத்தை எடுத்தார்கள். சம்மதக் கடிதம் யாரும் கேட்கவில்லை.

இடமாற்றம் வந்தபோது கொப்பிகளை இரண்டு அட்டைப்பெட்டிகளில் கட்டி, என் இடத்துக்கு வந்த இளைஞரிடம் கொடுத்தேன். பிள்ளைக் காம்பராக்கள் சில கட்டி முடிந்திருந்தன; லயங்களில் கட்டியது விரல்விட்டு எண்ணக்கூடியது. ஏழு பேர்ச் காணியில் புதிய தனிவீடு வருமென்று காத்திருப்பவர்களிடம் பழைய சுவருக்குச் செலவு செய்யுங்கள் என்று சொல்வது எவ்வளவு சங்கடமென்று அந்த இளைஞருக்கு நான் சொல்லவில்லை. அவரும் லயத்துப் பிள்ளைதான், அவருக்குத் தெரிந்திருக்கும். தொங்கல் காம்பராவில் மறுபடி ஒட்டிய கண்ணாடியை மட்டும் மாதம் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். அந்தக் குடும்பம் அப்போதும் அங்கேயே இருந்தது. மாற்றிடத்துக்கான பட்டியலில் பெயர் இருந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை கண்டியையும் நுவரெலியாவையும் பதுளையையும் உலுக்கியபோது நான் வேறு மாவட்டத்தில், வேறு வேலையில் இருந்தேன். நாட்கணக்காகத் தொலைபேசி வேலை செய்யவில்லை. மின்சாரம் வந்த பிறகு முதலில் கிடைத்த அழைப்புகளில் ஒன்று பாஸ் ஐயாவுடையது. மழை தொடங்கிய இரண்டாம் நாள் பின்னேரம் தொங்கல் காம்பராக் கண்ணாடி முறிந்ததாம். அக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் எல்லா வீட்டுக்கும் போய்க் காட்டியிருக்கிறார். இருட்டுவதற்கு முன் பன்னிரண்டு குடும்பமும் கோயிலுக்கு ஏறிவிட்டார்கள். லயத்தில் ஐந்து காம்பரா இப்போது இல்லை.

"மிச்சம் ஏழுலயும் ஆளுக திரும்ப வந்து இருக்காங்க மிஸ்" என்றார் பாஸ் ஐயா. "எட்டாவது செவருலதான் இப்ப தொங்கல். கண்ணாடி ஒண்ணு இருந்தா அனுப்புறீங்களா?"